அடியில் நின்ற தண்ணீர்

என் கராஜ் அலுமாரியில் ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. எஞ்சின் ஒயிலில் சந்தேகம் வந்தால் அதில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். இப்போது ஒயிலுக்குள் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடிக்க எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. நான் இன்னும் போத்தலைத்தான் நம்புகிறேன். அந்த வழியை எனக்குக் காட்டியவனை நான் மனமார வெறுத்தேன்.

யுத்தத் தடையால் பெற்றோல் வராத ஆண்டுகள் அவை. யாழ்ப்பாணத்துக் கார்கள் நாலு சொட்டுப் பெற்றோலில் இருமிக்கொண்டு எழும்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. யாழ் நகரை ஒட்டிய திருநெல்வேலியில் முதலாளியின் கராஜில் நான் பத்து வருடம் ஊறியவன். அவனோ பக்கத்துக் கடலோரக் கொழும்புத்துறையில் இருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தவன்; தகப்பனின் வள்ளத்து எஞ்சினில் வேலை பழகியவன். வந்து ஆறு மாதத்துக்குள் ஆட்கள் வாசலிலேயே, "கொழும்புத்துறைத் தம்பி நிக்கிறாரோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நான் அவர்களுடைய கண்முன்னால்தான் நின்றுகொண்டிருப்பேன். முதலாளி பிளேன்ரீயை முதலில் அவனிடம் நீட்டிய நாளில் நான் என் தேத்தண்ணீரைக் குடிக்காமல் ஊற்றிவிட்டேன். போதாததற்கு, முதலாளி கொழும்பில் மகளோடு போய் இருக்க முடிவு செய்திருந்தார். கராஜைப் பூட்டித் திறக்கும் திறப்பு இனி யாருக்கு என்று அவர் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் என்று நான் என் மனைவியிடம் எப்போதோ சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் நீர்வேலி வாடகைக்கார் ஐயா தன் காரைக் கொண்டுவந்தார். என்னைவிட வயது கூடிய கார். அவர் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான். ரேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது, ஒயிலின் அளவோ கூடிக்கொண்டு போகிறது என்றார். மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்குவது அந்த நாட்களில் தடிமன் காய்ச்சல் போல எல்லாக் காருக்கும் உள்ள வருத்தம். அளவுகோலைச் சரியாகப் பார்க்காமலே, "மண்ணெண்ணெய் இறங்குது, ஒயிலை மாத்தினால் சரி" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒயில் மூடியைக் கழற்றி உட்புறத்தை விரலால் வழித்தான். பால்கோப்பி நிறத்தில் களி ஒட்டியது.

"அண்ணை, மண்ணெண்ணெய் எண்டால் ஒயில் இளகும், உப்பிடி வெளுக்காது. உது தண்ணி. எஞ்சின் தலைக்குக் கீழை தண்ணியை மறிக்கிற ஹெட் கேஸ்கட் போச்சு."

"கண்ட ஒயிலையும் வடிச்சு விக்கிறாங்கள். வெளுக்காமல் என்ன செய்யும்?" என்றேன்.

"அப்ப விடியுமட்டும் காரை ஆட்டாமல் விடுவம். தண்ணி பாரம், அடியிலை வந்து நிக்கும். காலமை ஒயில் தொட்டியின்ரை அடி ஆணியை இளக்கி ஜாம் போத்தலிலை பிடிச்சால் முதல்லை தண்ணிதான் வரும். மண்ணெண்ணெய் எண்டால் பிரியாது."

முதலாளி சிரித்தார். "நல்லது. ஆரின்ரை கதை சரியோ, திறப்பு அவருக்கு."

மறுநாள் எல்லோருக்கும் முன் நான் வந்தேன். காருக்குக் கீழே படுத்து ஆணியை இளக்கினேன். ஒயில் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக வந்து, என் முழங்கை வழியேயும் வழிந்தது. ஜாம் போத்தலில் பிடித்தேன்; முக்கால் போத்தல் இருக்கும். கறுப்பாக ஒரு சொட்டு விழுந்ததும் ஆணியை இறுக்கினேன். தண்ணீரை முருங்கையடியில் ஊற்றிவிட்டுப் போத்தலைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

எட்டு மணிக்கு எல்லோரும் பார்த்திருக்க அவன் ஆணியைக் கழற்றினான். கலங்கின ஒயில்தான் வந்தது. அடியில் தண்ணீர் இல்லை. போத்தலை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். பிறகு என் நனைந்த சட்டைக் கையைப் பார்த்தான்.

"ஓம் முதலாளி, அண்ணை சொன்னதுதான் சரி" என்றான்.

திறப்பு என் கைக்கு வந்தது. ஒயிலை மாற்றி, அந்தக் காரை அப்படியே அனுப்பினேன். அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. ரோட்டில் எஞ்சின் இறுகி நிற்கும், ஐயா வந்து வாசலில் நின்று கத்துவார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். இரண்டு கிழமை கழித்து அவர் வந்தார், தோளில் ஒரு கதலி வாழைக்குலையோடு.

"தம்பி, பெரிய உதவி. நீங்கள் அனுப்பின பொடியன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல் வந்து, எஞ்சின் தலையைக் கழட்டி, தன்னிட்டைக் கிடந்த செப்புக் கேஸ்கட்டைப் போட்டுத் தந்தவன். அண்ணைதான் போய்ப் பாக்கச் சொன்னவர் எண்டான். இப்ப ஒரு சொட்டுத் தண்ணி குறையேல்லை."

அவன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ முன்னைவிட வயிறு எரிந்தது. அடுத்த மாதம் அவன் வேலையை விட்டுப் போனான்.

திறப்பு இன்றும் என்னிடம்தான். அந்தக் கிழமை நானும் போத்தலை வைத்துப் பொய் சொன்னேன், அவனும் பொய் சொன்னான். அவன் சொன்ன பொய் என் வாயில் வந்திராது. அவனுடைய கைவேலையை எப்படியோ பழகிக்கொண்டேன்; அந்த வாயை நினைத்துத்தான் இன்னும் பொறாமைப்படுகிறேன். ஜாம் போத்தலின் அடியில் தண்ணீர் தெளிந்து நிற்பதைக் கண்டு யாராவது, "அண்ணை கெட்டிக்காரன்" என்று சொன்னால், போத்தலைக் கழுவப் போவதுபோல் கிணற்றடிக்குப் போய்விடுகிறேன்.