மெர்சி அக்கா கேட்ட துணை

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தோடு ஜொகூர் பாருவில் குடிநுழைவு வரிசையில் நின்றிருந்தேன். சபைப் பெண்கள் குழுவிலிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்தது: "நம்ம மெர்சி அக்கா விடியக்காலையில கர்த்தர்கிட்ட போயிட்டாங்க." பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். நகர்ந்தேன். இன்னும் இரண்டு பேர் முன்னால் போன பிறகுதான், நான் திரும்பிப் போக வேண்டும் என்பதே எனக்கு உறைத்தது.

செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகள் அவரும் நானும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். கணவரை இழந்தவர், ஒரே மகன் பினாங்கில். "கர்த்தர் பாத்துக்குவாரு" என்று அவர் சொல்லிக் கேட்காதவர்கள் நம் சபையில் இருக்க முடியாது. தொழிற்சாலைப் பேருந்து வராவிட்டாலும் அதுதான், சூப்பர்வைசர் கத்தினாலும் அதுதான். சொல்லிவிட்டுச் சும்மா இருப்பவர் அல்லர். வீட்டுக்கூரை ஒழுகியபோது ஜெபமும் செய்தார், வாளியும் வைத்தார், மறுநாள் ஆளைக் கூப்பிட்டு உடைந்த ஓடுகளையும் மாற்றினார்.

ஒரு மழைக்காலத்தில் வேலை முடிந்து திரும்பும்போது, தெப்ராவ் பக்கம் எங்கள் பேருந்து வெள்ளத்தில் நின்றுபோனது. படிக்கட்டு வரை தண்ணீர். சில பெண்கள் அழத் தொடங்கினார்கள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை வெடவெடவென்று நடுங்கியது.

"என்னக்கா, நீங்களே இப்படி நடுங்குறீங்க?"

"பயமா இருக்கு லா. பயந்துகிட்டே ஜெபம் பண்ணா கர்த்தர் கோவிச்சுக்கவா போறாரு?"

கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தார். பிறகு எங்களைக் கைகோத்து வரிசையாக இறங்கச் சொல்லி, எதிரே மேட்டில் இருந்த பெட்ரோல் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார். அந்தக் கதையை நான் சபையில் சாட்சியாகச் சொன்னேன். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கை நடுங்கியதை மட்டும் சொல்லவில்லை. அது சாட்சிக்குப் பொருந்தாது என்று நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாம் எல்லோரும் அவரைப் பயமே அறியாதவர் என்று சொல்லத் தொடங்கினோம். கொஞ்ச நாளில் நானும் அதை நம்பிவிட்டேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து காரை எடுக்கப் போனபோது அக்கா பின்னாலேயே வந்தார். மார்பில் ஒரு கட்டி. மருத்துவமனையில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"கிரேஸ், செவ்வாக்கிழம ரிசல்ட் சொல்றாங்க. ஒனக்கு லீவு கிடைக்குமா? தொணைக்கு வரியா?"

நான் அப்போதுதான் சிங்கப்பூரில் புதிய வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விடுப்புக் கேட்கத் தயக்கம். அதைச் சொல்லியிருந்தாலாவது நேர்மையாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டு வேறொன்றைச் சொன்னேன்.

"ஒங்களுக்கு எதுக்குக்கா தொண? கர்த்தர் பாத்துக்குவாருன்னு எங்களுக்கே நீங்கதான சொல்லுவீங்க?"

அக்கா "ஆமா லா, பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை பேருந்தில் போகும்போது அவருக்காக ஜெபித்தேன். அது எனக்கு எளிதாக இருந்தது.

அதைப் பற்றி அவர் பிறகு ஒருபோதும் பேசவில்லை. சிகிச்சை நடந்த மாதங்களில் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போவேன். என் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரிப்பார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துப் போய், ஒவ்வொரு முறையும் ரசக் கிண்ணத்தைக் கழுவி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அடக்கத்தன்று அவருடைய அண்டை வீட்டு ஜைனப் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் கேட்காமலே அவர் சொன்னார்.

"பஸ் ஸ்டாப்ல தனியா நின்னாங்க. நான் மீன் வாங்க பாசாருக்குப் போயிட்டு இருந்தேன். எங்கக்கா போறீங்கன்னு கேட்டேன். சொல்ல முடியாம அழுதுட்டாங்க. சரி, மீன் பெறகு வாங்கிக்கலாம்னு கார்ல ஏத்திக்கிட்டேன். டாக்டர் பேசி முடிக்கிற வரைக்கும் என் கைய விடல. வெளிய வந்து, 'பயந்துபோய் நின்னேன்மா, கர்த்தர் ஒன்ன அனுப்புனாரு'ன்னாங்க. நான் மீன் வாங்கத்தான்க்கா வந்தேன்னேன். அந்த நெலமையிலயும் சிரிச்சாங்க."

அதன் பிறகு ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஜைனப்தான் அவரை அழைத்துப் போயிருக்கிறார்.

அக்கா நம்பியது வீண்போகவில்லை. கர்த்தர் அவரைப் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்த வேலை முதலில் என்னைத் தேடித்தான் வந்தது. அவருடைய வார்த்தையை எடுத்தே நான் அவரைத் திருப்பி அனுப்பினேன்.

சபை மலருக்கு "அசையாத விசுவாசி" என்று எழுதித் தரச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. மெர்சி அக்கா அசைந்தார், அழுதார், துணைக்கு ஆள் தேடினார். அப்படியே நம்பவும் செய்தார். அவரை அறிந்த நீங்கள் அவரை அப்படியே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது யாராவது பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னால், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்ல அவசரப்படுவதில்லை. "எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்கிறேன். அக்காவிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பதும் அதுதான்.