காக்கைக்கு வைத்த தொள்ளாயிரம் கிராம்

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை, மாலை 5 மணி 17 நிமிடம். ஸ்ரீரங்கத்தில் வெயில் இறங்கியும் புழுக்கம் இறங்காத நேரம். பால்கனியில் நான் மாட்டியிருக்கும் வெப்பமானி 36 காட்டியது. கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று வந்தது, மழை வரவில்லை. அந்த நிமிடத்தில்தான் என் மனைவி எனக்கு முன்னால் பதில் சொன்னாள்.

வகுப்பு என்னுடையது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கான உயர்நிலைச் சுற்றுச்சூழல் அறிவியல், தமிழ் வழி, நான்கு மாதம், செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து முதல் ஆறு வரை, டேப்லெட்டில். வயது வரம்பு கிடையாது என்று ஓசூரிலிருக்கும் மகள் கண்டுபிடித்து, பணமும் கட்டி என்னைச் சேர்த்துவிட்டாள். அப்பா சும்மா உட்கார்ந்து மாடிப்படிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது அவள் கவலை. எண்ணியது உண்மைதான். எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடிக்கு 54 படி. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். போல்ட்டும் நட்டும் வாஷரும் எண்ணிய கை ஓய்வு பெற்றதும் நின்றுவிடாது. பி.எஸ்சி. வேதியியல் படித்திருக்கிறேன். என் மனைவி பத்தாவது.

அன்று ஆசிரியை கேட்டது இது: வீட்டில் உரக்குழி போடுகிறோம், நாற்றம் வருகிறது, என்ன காரணம்? கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் முப்பதுக்கு ஒன்று என்று என் நோட்டில் சிவப்பு மையில் இருந்தது. மைக்கைத் திறக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியை மாற்றிப் போட வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்திய அதே நொடியில், பின்னால் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"தண்ணி ஜாஸ்தியாயிருக்கும். காஞ்ச சருகை அள்ளிப் போட்டா நின்னுடும்."

"யாருங்க அது பின்னாடி? ரொம்பச் சரி. ரொம்ப அழகா சொன்னீங்கம்மா" என்றார் ஆசிரியை.

முப்பதுக்கு ஒன்று என் வாயிலேயே நின்றுவிட்டது.

அடுத்த வாரமே அவளும் மாணவி. ஒரே வீட்டில் இரண்டாவது ஆளுக்குப் பாதிக் கட்டணமாம். அதையும் மகள் கட்டினாள், என்னைக் கேட்கவில்லை. வகுப்பில் எங்களைச் சேர்த்து இருபத்து மூன்று பேர். மற்ற இருபத்தொருவரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அவர்கள் என்னைத் தாத்தா என்றார்கள், அவளை ஆன்ட்டி என்றார்கள். எனக்கு எழுபத்திரண்டு, அவளுக்கு அறுபத்தேழு. ஐந்து வயது வித்தியாசத்துக்கு ஒரு தலைமுறையையே கழித்துவிட்டார்கள்.

டைரியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினேன். செப்டம்பர் முடிய ஆசிரியை அவளைப் பாராட்டியது பத்தொன்பது முறை. என்னை ஆறு முறை. அந்த ஆறில் இரண்டு, நான் நேரத்துக்கு வகுப்பில் சேர்ந்ததற்கு.

நிலத்தடி நீர்ப் பாடம் நடந்த நாள் இன்னும் உறுத்துகிறது. நீர்மட்டம் இறங்குவதை எப்படி அறியலாம் என்று கேட்டார். நான் புத்தகத்தில் இருந்ததை வரி பிசகாமல் சொன்னேன். "சரிங்க ஐயா" என்றார், அவ்வளவுதான். இவள் சொன்னாள், "எங்க போர்ல தண்ணி கீழ போச்சுன்னா மோட்டார் சத்தம் மாறும் மேடம். தொண்டை கட்டுன மாதிரி இழுக்கும். அதக் கேட்டுட்டுத்தான் நான் துணி நனைக்கறதா வேணாமான்னு பாப்பேன்." ஆசிரியை மற்ற பிள்ளைகளிடம் அதைத் திரும்பச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். இருபத்தொரு பிள்ளைகளும் என் வீட்டு மோட்டாரைப் பற்றி எழுதினார்கள். அந்த மோட்டாருக்கு ஆள் கூட்டிவந்து எரிந்த காயிலை மாற்றிக் கட்டவைத்தது நான்.

அன்றிலிருந்து டேப்லெட்டை மேசையில் ஆறு அங்குலம் இடப்பக்கம் தள்ளி வைத்தேன். என் முகம் முழுதும் தெரியும், அவளுடைய ஒரு தோளும் காதும் தெரியும். அவளோ நாற்காலியை ஆறு அங்குலம் இடப்பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

அக்டோபரில் கள ஆய்வு அறிவித்தார்கள். நாற்பது மதிப்பெண். பதினான்கு நாள் எதையாவது கவனித்து, அளந்து, அட்டவணை போட்டு அறிக்கை தர வேண்டும். முதலாவதாக வரும் அறிக்கையை ஜனவரியில் சேரும் அடுத்த தொகுப்பு மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள் என்று ஆசிரியை சொன்னபோது, அது எனக்காகவே சொன்னது போலிருந்தது. அளப்பதும் எண்ணுவதும் என் தொழில். இதில் இவள் என்ன செய்ய முடியும்?

"மொட்டைமாடி எனக்கு" என்றேன் வகுப்பு முடிந்ததும். "காக்கை கணக்கெடுக்கப் போறேன். நீ வேற எதாவது பாத்துக்க."

"வெச்சுக்கங்க. மாடி என்ன எங்க அப்பன் வீட்டுதா? நான் அடுப்படியைப் பாத்துக்கறேன்."

அவள் எடுத்துக்கொண்டது சமையலறைக் கழிவு. பெரிய கடை வீதிக்குப் போய் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கிவந்து, அடுப்படியிலிருந்து எது எங்கே போகிறது என்று நிறுத்து, நீள நோட்டில் எழுதினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. காய்த்தோலை எடை போடுவது ஒரு ஆய்வா?

நான் அக்டோபர் 5 முதல் 18 வரை ஒரு நாளும் தவறவில்லை. காலை ஆறு, பகல் பன்னிரண்டேகால், மாலை ஆறு. மாடிப்படி முடிகிற இடத்து நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் எண்ணினேன். காலையில் எட்டு, ஒன்பது காக்கை. மாலையில் பத்து, பதினொன்று. பகலிலோ இருபத்தாறுக்குக் குறையவில்லை. பதினான்காம் தேதி பகலில் மட்டும் அறுபத்து மூன்று.

உச்சி வெயிலில் ஏன் இத்தனை காக்கை? இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். கொள்ளிடத்து மணல் சூடாகிறது, அனல் காற்று மேலெழும்புகிறது, மணலில் இருக்கும் காக்கைகள் ஊருக்குள் உயரமான கட்டடங்களுக்கு ஒதுங்குகின்றன. பதினொரு பக்கம் எழுதினேன். மூன்று வரைபடம் போட்டேன். அறுபத்து மூன்றுக்கு, அன்று காற்று குறைவு என்று காரணம் காட்டினேன். "மனிதக் குறுக்கீடு" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன்.

இவ்வளவுக்கும் ஒருநாள் நான் எண்ணத் தொடங்கும்போது அவள் படியேறி வந்தாள். "இப்ப வராதே, காக்கா கலைஞ்சிடும்" என்று விரட்டினேன். "இதோ வெச்சுட்டுப் போயிடறேன்" என்று கைப்பிடிச் சுவரில் சோற்று உருண்டையை வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அவள் போகட்டும் என்று அரை நிமிடம் பொறுத்து எண்ணினேன். இருபத்தெட்டு.

இருபத்தாறாம் தேதி அவளுடைய நோட்டைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். அவளுக்கு டேப்லெட்டில் கட்டம் போட வராது, அந்த ஒரு வேலைக்கு நான் வேண்டியிருந்தது. ஐந்து பத்தி போட்டிருந்தாள். உரக்குழிக்குப் போன தோல், பால்காரம்மா மாட்டுக்குப் போன கழுநீர், குப்பை வண்டிக்குப் போனது, மொத்தம். கழுநீருக்கும் குப்பை வண்டிக்கும் நடுவில் ஒரு பத்தி: "காக்கைக்கு, பகல் 12.10". தினமும் அறுபது கிராம். பதினான்காம் தேதி, மகாளய அமாவாசை, நூற்றிருபது கிராம். ஓரத்தில் சின்ன எழுத்தில், "இன்று எல்லா வீட்டிலும் வைத்தார்கள்."

அன்று காலை காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் வரிசையில் நின்று தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தவன் நான்தான். வந்து, வேட்டி காய்வதற்குள் மாடியேறி அறுபத்து மூன்று எண்ணியவனும் நான்தான். காக்கைக்கு வைக்காமல் எங்கள் வீட்டில் இலை போட்டதில்லை. நாற்பத்து நான்கு வருடமாக அவள் வைத்துவிட்டு வந்த பிறகுதான் நான் சாப்பிட உட்காருகிறேன். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, கணக்கில் படவில்லை. என் பதினொரு பக்கமும் இவளுடைய அறுபது கிராம் சோறு.

எல்லா அறிக்கைகளையும் திருத்தப் போவது ஒரே ஆசிரியை. என் வரைபடத்தையும் இவள் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

நான் நான்கு பத்தி மட்டும் தட்டச்சு செய்தேன்.

மொத்தத்தையும் மாற்றியிருக்கலாம். கை போகவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு கூட்டுத்தொகையைக்கூட நான் திருத்தியதில்லை. அவள் எழுதிய 9,650 கிராமை அப்படியே போட்டு, மறுநாள் இரண்டு அறிக்கைகளையும் அனுப்பினேன். "ஏத்திட்டீங்களா?" என்று கேட்டாள். "ஏத்தியாச்சு" என்றேன். அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை அதிகம் என்று அவளிடம் குறைபட்டதும் நினைவிருக்கிறது.

நவம்பர் 3, வெள்ளிக்கிழமை. ஆசிரியை மதிப்பெண் படித்தார். "ஐயா, உழைப்பு தெரியுது. முப்பத்தாறு. இப்போதைக்கு நீங்கதான் முதல்" என்றார். பதினெட்டு வயதுக்கு மேல் எனக்கு அப்படி ஒரு நிமிடம் வாய்த்ததில்லை.

"அம்மா, உங்களோடது நல்ல தலைப்பு. ஆனா கூட்டிப் பாத்தா 8,750 தான் வருது. தொள்ளாயிரம் கிராம் எங்கம்மா போச்சு?"

அவள் நோட்டைத் திறந்தாள். "இருக்கே மேடம். காக்காய்க்கு வெச்சது."

டேப்லெட்டுக்குள் ஒரு பையன் கேட்டான், "ஆன்ட்டி, தாத்தாவோட காக்காவா?"

யாரோ சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. "எத்தனை மணிக்கும்மா வைப்பீங்க?"

"பன்னெண்டு பத்துக்கு. இவர் சாப்பிடறதுக்கு முந்தி."

இருபத்தொரு கட்டங்களிலும் பிள்ளைகள் குனிந்து எதையோ தேடினார்கள். வகுப்புக்கு முன்பே அறிக்கைகளை எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள், என் வரைபடமும் எல்லோரிடமும் இருந்தது. "அப்ப இது ஏன் அட்டவணையில இல்ல?" என்றார் ஆசிரியை. அவள் நோட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு என்னை. நான் மைக்கை மூடி வைத்திருந்தேன். மூடும் பொத்தான் மட்டும் எனக்கு எப்போதும் உடனே அகப்படும்.

"விட்டுப்போச்சு மேடம்" என்றாள்.

இருபத்தாறு மதிப்பெண் போட்டார்கள்.

வகுப்பு முடிந்து டேப்லெட்டை மூடினேன். அவள் எழுந்து போகவில்லை.

"ஒரு வரி விட்டா மறதிம்பேன். பதினாலு வரிங்க."

"கண்ணு சரியில்ல" என்றேன்.

"கண்ணு சரியில்லாதவருக்கு மொத்தம் மட்டும் தெரிஞ்சுதாக்கும். பட்டறையில ஒரு நட்டு குறைஞ்சா ராத்திரி சோறு இறங்காது உங்களுக்கு. என் சோத்தை எங்க கொண்டுபோய் ஒளிச்சீங்க?"

"உனக்கெதுக்கு மார்க்? நீ எந்தக் காலேஜுல சேரப் போறே?"

"நீங்க எந்தக் காலேஜுல சேரப் போறீங்க?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு வந்தது வருத்தம் என்று எழுதினால் பொய். எனக்கு வந்தது ஆத்திரம். அவள் ஆசிரியையிடம் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் இருவரும் சமமாகியிருப்போம். "விட்டுப்போச்சு" என்று சொல்லி அதிலும் என்னை முந்திக்கொண்டாள். பாராட்ட ஆளே இல்லாத இடத்தில்கூட அவள் கணக்கில் ஒன்று ஏறிவிட்டது.

அடுத்த மூன்று நாளும் பகலில் அவள் சோற்றை எடுத்துக்கொண்டு மாடியேறும் சத்தம் கேட்கும். ஐம்பத்து நான்கு படி ஏற அவளுக்கு நான்கு நிமிடம். முழங்கால் வலிக்காரி. இறங்க ஐந்து நிமிடம். இதையும் அந்த மூன்று நாளில்தான் எண்ணினேன். மாடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவன் பதினான்கு நாளும் அந்த உருண்டையை வாங்கி நானே வைத்திருக்கலாம் என்பது அப்போதுதான் தோன்றியது. தோன்றியும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் ஒரு கணக்கு பொய்யாக நிற்கிறது என்பது அதைவிட அதிகமாக அரித்தது.

நவம்பர் 7, செவ்வாய், காலை பத்து மணிக்கு ஆசிரியைக்கு மின்னஞ்சல் எழுதினேன். பத்து வரி. பத்தியை விட்டது நான், தெரிந்தே விட்டேன், என் ஆய்வின் முடிவு தவறு, காக்கைகள் வந்தது சோற்றுக்கு. அவளுடைய நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து இணைத்தேன். "பொறாமையால்" என்று ஒரு சொல் எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்.

மாலையில் பதில் வந்தது. அவளுடைய அறிக்கையை மறுபடி அனுப்பலாம், அதற்குக் கட்டணம் உண்டு. அடுத்தவர் அறிக்கையில் கைவைத்தவருடைய அறிக்கை விதிப்படி தள்ளுபடி. நான் விரும்பினால் ஜனவரித் தொகுப்பில் புதிதாகப் பதிந்து பாடத்தை முதலிலிருந்து படிக்கலாம். கடைசியில், "உண்மையைச் சொன்னதுக்கு நன்றிங்க ஐயா" என்று இருந்தது. அதையும் ஒரு பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, டைரியில் கோடு போடாமல் விட்டேன்.

அவளிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"பொறாமையா? என் மேலயா?" என்றாள். அந்தக் குரலில் கோபத்தைவிட சந்தோஷம் கூடுதலாக இருந்தது என்பது என் கணிப்பு. "சரி, கட்டத்தைப் போடுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

ஐந்து பத்தியும் போட்டேன். ஒவ்வோர் எண்ணையும் அவள் விரல் வைத்துச் சரிபார்த்தாள். நாற்பதுக்கு முப்பத்தொன்பது வாங்கினாள்.

ஜனவரியில் புதிய தொகுப்பின் முதல் வகுப்பு. இருபத்தேழு பிள்ளைகள், ஒரு தாத்தா. அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரி காட்டுகிறேன் என்று சொல்லி ஆசிரியை திரையில் ஓர் அட்டவணையைத் திறந்தார். மூன்றாவது பத்தியைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டிருந்தார்கள். "நம்ம கண்ணுக்கு எதிர்ல தினமும் நடக்கறதை எழுதணும், பாருங்க" என்றார். பின்னால் கத்தரிக்காய் நறுக்கும் சத்தம் நின்றது. அவள் எட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. டேப்லெட்டை நகர்த்த எனக்குக் கை துறுதுறுத்தது. நகர்த்தவில்லை. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து அந்த அட்டவணையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன், பதினான்கு வரியும்.

இம்முறை மகளிடம் கேட்கவில்லை, என் ஓய்வூதியத்திலிருந்து கட்டினேன். அவளுடைய மறுசமர்ப்பிப்புக்கு 300, என் மறுபதிவுக்கு 1,850. மொத்தம் 2,150 ரூபாய்.