கேட்டுத் திரியும் வேலை

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள். திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தேன். எடை மிஷின், பஸ் டிக்கெட் அடிக்கிற மிஷின், தண்ணீர்த் தொட்டிக்கு அலாரம், எமர்ஜென்சி விளக்கு என்று நாலு புதுக் கருவிகளை ஒரே சமயத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் உருவாக்கவில்லை. எது எந்த மட்டில் இருக்கிறது என்று மேஜை மேஜையாகப் போய்க் கேட்டு, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதுவேன். அந்த வேலைக்குப் பெரிய ஆங்கிலப் பெயர் உண்டு. உண்மையில் கேட்டுத் திரிவதுதான் வேலை.

எனக்கு அது பிடித்திருந்தது. அந்த ஊரில் நான் வாய் திறந்து பேசியதே அதில்தான். தம்பானூரில் பெண்கள் விடுதியில் இருந்தேன். கூட இருந்தவள் கல்யாணமாகிப் போனபின் அறைக்கு வேறு யாரும் வரவில்லை. ஆபீசில் "டிஸ்ப்ளே வந்ததா?" என்று ஆரம்பித்தால் போதும், சப்ளையரைத் திட்டித் தீர்த்துவிட்டு, பிள்ளையின் ஜுரம், மத்தி மீன் விலை என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். சர்க்யூட் வடிவமைத்தவர் அங்கேயே பழவங்காடிப் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிட இளையவர். அந்த ஊரில் என்னை அக்கா என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான். அவர் தமிழில் பாதி மலையாளம். இருந்தால் என்ன, கேட்க ஆசையாக இருந்தது.

நாலு கருவிகளும் வளர வளரப் பலகை போதவில்லை. ஒரு டிஸ்ப்ளே தாமதமானால் எதெல்லாம் தள்ளிப்போகும் என்று எனக்கே குழம்பியது. மலையாளி மேனேஜர் கூப்பிட்டார்.

"நல்லதா ஒரு சாப்ட்வேர் பாத்து சொல்லு. லைட்டா இருக்கணும், கேட்டோ? நம்ம கம்ப்யூட்டர் ஒண்ணும் தாங்காது."

மூன்றைப் போட்டுப் பார்த்தேன். முதலாவது யானை. அது திறப்பதற்குள் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இரண்டாவது சுறுசுறுப்பானது; ஆனால் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும், எல்லாரிடமும் கேட்டு நான்தான் ஏற்ற வேண்டும். மூன்றாவதும் கனமில்லாதது. அவரவர் இடத்திலிருந்தே அவரவர் வேலையைக் குறித்துவிடலாம். ஒன்று தள்ளிப்போனால் அதைச் சார்ந்த வேலைகளின் பட்டைகளெல்லாம் திரையில் தானாக நகர்ந்துகொள்ளும்.

எது நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு வாரம் இழுத்தடித்தேன். இரண்டாவதே போதும் என்றிருந்தால் மேனேஜர் தலையாட்டியிருப்பார். மூன்றாவது வந்துவிட்டால் யார் மேஜைக்கும் போய் நிற்க எனக்குக் காரணம் இருக்காது. நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் வேலை விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு வராது; அந்தத் திமிர் எனக்கு உண்டு. மூன்றாவதைத்தான் சொன்னேன்.

எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. "சூப்பர். இனி யாரும் யாரையும் கேக்கண்டா" என்றார் மேனேஜர். பாராட்டத்தான் சொன்னார், பாவம். வெள்ளைப் பலகையைத் துடைத்து, யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து எழுதினார்கள். நான் நாற்காலியை விட்டு எழாமலே நாலு கருவிகளும் வளர்வதைப் பார்த்தேன். காலையில் ஒரு குட்மார்னிங், சாயங்காலம் ஒரு பை. நடுவில் ஒன்றுமில்லை. சில நாட்கள் விடுதி மெஸ்ஸில் சட்னி கேட்க வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வந்தது.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் எழுந்து சர்க்யூட்காரர் மேஜைக்குப் போனேன்.

"அலாரம் டெஸ்டிங் முடிஞ்சுதா?"

"அதுல போட்டிருக்கேனல்லோ அக்கா," என்றார் அவர், சாலிடரிங்கிலிருந்து தலை நிமிராமல். "நோக்கலையா?"

காலையில் வந்ததும் முதலில் பார்த்ததே அதைத்தான். டெஸ்டிங் முடிந்து, பட்டை முழுதாகப் பச்சையாகியிருந்தது.

"இல்லையே" என்றேன்.

அவர் கைவேலையை வைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளி எனக்கு இடம் விட்டார். திரையில் விரலை வைத்துக் காட்டினார். நான் குனிந்து ஒவ்வொரு வரியாக, மெதுவாகப் படித்தேன்.