அத்தானின் நாக்கும் கடல் உப்பும்

என் அக்கா வீட்டுக்காரரை எல்லாரும் 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேரே. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கடலில் ஓடிய படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வருகிறவர்கள் எங்கள் கொட்டகையில்தான் கழுவக் கொடுப்பார்கள். எஞ்சின் ரிப்பேர் எனக்கு, கழுவுவது அத்தானுக்கு. படகின் பின்பக்க மூடியைத் திருகி எடுத்து, உள்ளே தேங்கியதை வடிய விடுவார். எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரை ஓட விடுவார். பிறகு, படகை ஏற்றுவதற்காகக் கடல் தண்ணீருக்குள்ளேயே இறக்கிய டிரெய்லர். படகு பளபளவென்று இருந்தால் போதும் என்று சொந்தக்காரர்கள் நினைப்பார்கள். டிரெய்லரை யார் பார்க்கிறார்கள்? உப்பு பார்க்கும். ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கிலும் பிரேக்குக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டு சத்தமில்லாமல் இரும்பைத் தின்னும். ஒருநாள் நடுரோட்டில் பிரேக் பிடிக்காது.

அதனால் கழுவி முடித்ததும் அத்தான் டிரெய்லருக்கு அடியில் போய்ப் படுப்பார். ஸ்பிரிங்கிலிருந்து வடியும் சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைப்பார். "இன்னும் கரிக்குது" என்றால் மறுபடி தண்ணீர். "சரி, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றால் சொந்தக்காரர் மறுபேச்சு பேசாமல் கிளம்புவார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சுற்றுவழியில் எங்களிடம் வருகிறார்கள்.

போன மழைக்காலத்தில் அத்தானுக்கு ஒரு காய்ச்சல். எழுந்து வந்தவர் ஒவ்வொரு டிரெய்லரையும் மூன்று தடவை கழுவ ஆரம்பித்தார். தொட்டி காலியாகிறது, வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது.

"அத்தான், டிரெய்லரக் கழுவுறீங்களா, கரைக்கிறீங்களா?"

அவர் என்னைத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "வாய்க்கு ஒண்ணுமே தெரியலடா. உப்பு, புளிப்பு, எதுவும். காய்ச்சலோட போயிடுச்சு. அக்காகிட்ட சொல்லிடாத."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"வரலாம், வராமலும் போகலாங்கிறார்."

"அப்ப விரல நாக்குல வெச்சுப் பாக்குறது?"

"அது பழக்கம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதோடு பரிதாபமும் ஒட்டிக்கொண்டு வந்து தொலைத்தது. அந்த மனிதருக்கென்று ஒரு பேர் இருந்ததே அந்த நாக்கால்தான். அது செத்துவிட்டதென்று வெளியே தெரிந்தால் யார் வருவார்கள்? தெரியாமலே ஒரு டிரெய்லர் உப்போடு போய் எங்காவது கவிழ்ந்தால்?

பிறகு ஒருநாள், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு பெண் தன் படகோடு வந்தாள். காரின் பின்சீட்டில் அவளுடைய குழந்தைகள் இரண்டும் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டிருந்தன.

"மலை இறக்கத்துலதாண்ணே வீடு. நீங்க சொன்னாத்தான் எடுப்பேன்" என்றாள்.

அத்தான் கழுவினார், அடியில் போய்ப் படுத்தார். விரல் நாக்குக்குப் போனது. இப்போது வெளியே வந்து 'சரி' என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வெளியே வந்தவர் குழந்தைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியலம்மா. எனக்கு ருசி போய் மூணு வாரமாச்சு. என் பேச்ச நம்பி வண்டிய எடுக்காதீங்க."

வரிசையில் இருந்த எல்லார் காதிலும் அது விழுந்தது. ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார். அந்தப் பெண் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் குனிந்து, ஸ்பிரிங்கைத் தொட்டுத் தன் நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள்.

"கரிக்குதுண்ணே."

அத்தான் மறுபடி குழாயை எடுத்தார். அவள் இன்னும் இரண்டு முறை நக்கிப் பார்த்து, தலையாட்டிய பிறகுதான் கிளம்பினாள்.

அன்று சாயங்காலம், அக்காவிடம் சொல்வதற்குத் துணையாக என்னையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அக்கா மூன்று பேருக்கும் தட்டு வைத்தாள். ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. சொல்ல வாயெடுத்தேன், அக்கா என்னை முறைத்தாள். அத்தான் இதெல்லாம் தெரியாமல், தட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"தெரியும்" என்றாள் அக்கா. "காய்ச்சல் விட்ட அன்னிக்கு மறதியா உப்பு போடல. ஒரு கல்லு கொறைஞ்சாலும் வீட்ட ரெண்டாக்குற மனுஷன், பேசாம சாப்பிட்டு எழுந்தீங்க."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் நான் போடவே இல்ல. என்னிக்காவது திட்டுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அத்தான் அவள் தட்டைப் பார்த்தார். "உனக்கு மட்டும் தனியா போட்டுக்கிட்டியா?"

"நான் மட்டும் எதுக்கு?"

அத்தான் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து அவள் தட்டில் தூவ ஆரம்பித்தார். அவள் போதும் என்று சொன்னால்தான் அவருக்கு அளவு தெரியும். அவளோ சீக்கிரத்தில் சொல்லவில்லை.