பழுப்புக் கோட்டில் நடந்த ஸ்கவுட் மாஸ்டர்

தென்காசியில் கணக்கு வாத்தியாராக இருந்த முத்துக்குமாரசாமிக்கு 1937-ல் ஸ்கவுட் மாஸ்டர் பதவியும் வந்து சேர்ந்தது. மலை ஏறத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கி வைத்திருந்த காக்கி அரைக்கால் சட்டை வேறு எவருக்கும் இடுப்பில் ஏறவில்லை, இவருக்கு ஏறியது. தகுதி அவ்வளவுதான்.

அன்றோடு அவர் நடையே மாறிவிட்டது. காய்கறி வாங்கப் போனாலும் கழுத்தில் விசில் தொங்கும். குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே ஓரடி வைத்தவரில்லை. ஆனால் வகுப்பில் சர்வே மேப்பை விரித்துவிட்டால் மலை முழுக்கத் தன் பாட்டன் சொத்து போலப் பேசுவார். மேப்பில் மலையைச் சுற்றி நெளியும் பழுப்புக் கோடுகள் உயரத்தைக் காட்டுபவை. ஒரு கோடு நெடுக ஒரே உயரம். இவரோ அவற்றை ஒற்றையடிப் பாதைகள் என்று முடிவுகட்டியிருந்தார்.

"சார், இத்தனை பாதை இருக்கு, ஒண்ணுகூட இன்னொண்ண வெட்டலியே?" என்று கேட்டான் இசக்கியப்பன்.

"நல்லாப் போட்ட பாதை அப்படித்தாம்லே இருக்கும். உக்காரு."

ஆனி மாதச் சாரலில், திருநெல்வேலியிலிருந்து சாரணர் அதிகாரி ஒருவர் குற்றாலம் வந்தார். மேப்பைப் பார்த்தே பையன்களை மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவிக்குக் கூட்டிப்போய்த் திரும்ப வேண்டும் என்றார். ஊரெல்லாம் போகும் பாதை ஒன்று இருக்கத்தான் செய்தது. அதில் போவது கௌரவக் குறைச்சல் என்று இவர் ஒரு பழுப்புக் கோட்டைப் பிடித்தார்.

மலைச் சரிவைச் சுற்றிச் சுற்றி, முள்ளுக்குள் நடந்தார்கள். மேகம் வேறு இறங்கிக் கண்ணை மறைத்தது.

"சார், செண்பகாதேவி மேலதான இருக்கு? நாம ஏறவே இல்லியே."

"மேப்ப நான் பாக்கேனா, நீ பாக்கியாலே?"

கடைசியில் ஒரு செங்குத்துப் பாறை குறுக்கே நின்றது. கோடு மேப்பில் மட்டும் மேற்கொண்டு போனது. அவருக்குப் புலி ஞாபகம் வந்தது. பையன்களைப் பெற்றவர்கள் முகமும் ஞாபகம் வந்தது. அதற்குப் புலியே தேவலை. வழி பார்த்து வருவதாகச் சொல்லி முன்னால் போனவர், புதருக்குள் மாட்டிக்கொண்டு விசில் விசிலாக ஊதினார். எந்தப் பக்கமிருந்து ஊதுகிறார் என்று எவனுக்கும் பிடிபடவில்லை. பையன்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், காத்திருந்தார்கள். பசி பொறுக்காமல், கீழே கேட்ட தண்ணீர் இரைச்சலை வைத்து வரிசையாக இறங்கிவிட்டார்கள்.

பேரருவியடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற அதிகாரி, வாத்தியார் இல்லாமல் ஒழுங்காக வந்த பையன்களைப் பார்த்தார். வெகுநேரம் கழித்துத் தொப்பியைத் தொலைத்து, சட்டை கிழிந்து முத்துக்குமாரசாமியும் வந்து சேர்ந்தார். வசவு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிள்ளைகளே வழி கண்டுபிடிக்கட்டும்னு ஒதுங்கிட்டீங்களே! இந்த ஜில்லாவிலே வேற எவருக்கு இந்தத் துணிச்சல் உண்டு?" என்றார் அதிகாரி.

குனிந்த தலை மெல்ல நிமிர்ந்தது. "அதான் சார் நம்ம முறை."

பையன்கள் சிரிப்பை அடக்க அருவிக்குள் தலையைக் கொடுத்தார்கள்.

வீட்டில் மனைவி மங்களேஸ்வரி ஊக்கு வைத்து அவர் காலில் முள் எடுத்தாள். "ஒதுங்கி நின்னவருக்கு இம்புட்டு முள்ளு எங்கன இருந்து ஏறிச்சு?"

"ஒளிஞ்சு நின்னு கவனிச்சேன்லா. உனக்கு இதெல்லாம் புரியாது."

முள்ளை எல்லாம் எடுத்து முடிப்பதற்குள் அவரே அதை நம்பிவிட்டார்.

மறு வருஷம் கடையத்தில் வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுக்க அவரைத்தான் அழைத்தார்கள். பிள்ளைகளை நம்புவது எப்படி என்று மத்தியானம் வரை பேசினார். காட்டில் பையன்கள் பயப்படவில்லையா என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

"நான் பக்கத்துலயே இருக்கும்போது அவனுகளுக்கு என்ன பயம்?" என்றார் முத்துக்குமாரசாமி.

அதற்கும் கைதட்டினார்கள்.