மெஷின் பெட்டிக்கு எடுத்த அளவு

என் நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. தெருவில் எல்லோருக்கும் அவள் காஜாதான். சட்டைக்குக் காஜா எடுப்பதில், அதாவது பட்டன் துளைக்கு நூலால் ஓரம் கட்டுவதில், அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். என் வீட்டுப் பின்கட்டில் அவளும் அவள் கணவரும் குடியிருந்தார்கள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அடிக்கடி சண்டை வரவேண்டும் என்பது அக்கம்பக்கத்தார் எதிர்பார்ப்பு. நாங்களும் அவர்களை ஏமாற்றியதில்லை.

அவள் கணவர் எனக்கு அண்ணன் முறை. மோட்டார் கம்பெனியில் பேக்கிங் பெட்டி அடிப்பவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். மோட்டாரை உள்ளே வைத்து மூடியதும் பெட்டியை ஒரு பக்கம் சாய்த்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே ‘டொக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் போதும், ஆணிகளைப் பிடுங்கி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஆடுகிற பெட்டிக்குள் இருப்பது பாதி உடைந்த சாமான் என்பது அவர் கட்சி.

அந்த மனிதருக்கு ரத்தத்தில் நோய் என்று டாக்டர் சொன்னார். வைத்தியம் தூரத்து ஊரில், பெரிய ஆஸ்பத்திரியில். மாதக்கணக்கில் அங்கேயே அறை எடுத்துத் தங்கவேண்டும். அண்ணன் வேலைக்குப் போக முடியாது, ஆகவே சாப்பாடும் வாடகையும் காஜாவின் தையலில்தான் வரவேண்டும். தையல் என்றால் மெஷின் கூடவே போகவேண்டும்.

அது சாதாரண மெஷின் இல்லை. அவள் மாமியார் காலத்துக் கை மெஷின். கறுப்பு இரும்பு உடம்பு, தங்கப்பூ தேய்ந்துபோய்ப் பாதி தெரியும் பாதி தெரியாது. தூக்கினால் இடுப்பு கேள்வி கேட்கும். அதன் பழைய மரமூடியை எப்போதோ கரையான் தின்றுவிட்டது. என் கணவர், இலேசாக ஒரு பிளாஸ்டிக் மெஷின் வாங்கிக்கொண்டால் என்ன என்று தங்கையிடம் கேட்டுப் பார்த்தார். புது மெஷினோடு பழகவே மூன்று மாதம் போய்விடும், அதற்குள் நாங்கள் பட்டினி கிடப்பதா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

முதலில் ஜிப் வைத்த பை வாங்கினோம். தூக்கிப் பார்த்தபோதே அடித்தையல் பிரிந்தது. தையல்காரியை ஒரு தையல் ஏமாற்றியதே என்று நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அப்புறம் சக்கரம் வைத்த சூட்கேஸ். வாசற்படி தாண்டுவதற்குள் ஒரு சக்கரம் கழன்று சாக்கடையில் விழுந்தது. தகரப் பெட்டி பார்த்தோம், அதன் கைப்பிடியைப் பார்த்தாலே பயமாக இருந்தது. இதையெல்லாம் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், “நான் அடிக்கிறேன்” என்றார்.

படுக்கையில் விழுந்த பிறகு அவராகக் கேட்ட வேலை அது ஒன்றுதான். எங்களுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் வைத்தியத்துக்கே வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர், பெட்டி பேச்சு வந்ததும் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார். என் கணவர் பலகையும் பிளைவுட்டும் கொண்டுவந்து போட்டார். மருந்தில் அண்ணனுக்குக் கை நடுங்கியது, குனிந்தால் தலை சுற்றியது. ஆகவே காஜா டேப்பைப் பிடித்து அளவு சொல்ல, அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அறுத்து, இழைத்து, கீலும் கொண்டியும் மாட்டி, மேலே தோல்பட்டையில் பிடி வைத்து முடித்தார். நடுநடுவே படுத்துக்கொள்வார். வியர்வையைத் துடைக்கக்கூட என்னை அனுமதிக்கவில்லை.

பெட்டி பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே மெஷினை வைத்து மூடினோம். அண்ணன் பிடியில் கை வைத்துச் சாய்த்து ஆட்டினார்.

டொக்.

இன்னொரு தடவை ஆட்டினார். டொக், டொக். திறந்து பார்த்தால் மெஷினைச் சுற்றி விரல் விரலாக இடைவெளி. என் கணவர் ஃபோம் வாங்கி அடைத்துவிடலாம் என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். இரும்பு கனத்துக்கு ஃபோம் அமுங்கிவிடும், பாதி வழிகூடத் தாங்காது என்று முணுமுணுத்தார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்து, யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை போயிடுச்சும்மா. வெட்டின அளவே தப்பாப் போச்சு. இந்த உடம்பைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்? நான் வரல.”

நாங்கள் மாறி மாறிக் கெஞ்சினோம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் ரயில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெட்டி ஆடியதற்காக உயிரை விடுவேன் என்கிற மனிதரை என்ன செய்வது? அடிக்கவா முடியும்?

பின்கட்டு வாசலில் காஜா, பெட்டியிலிருந்து எடுத்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தரம் அளந்துதான் பாரேன் என்றேன். அவள் டேப்பை ஓரத்தில் வைத்து இழுத்தாள்.

“இருபது” என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். “டேப்புல பதினெட்டுதானே இருக்கு?”

“லூஸ் விட வேணாமா அண்ணி?” என்று சொல்லிவிட்டு டேப்பைத் திரும்பப் பார்த்தாள்.

யார் மார்பளவு எடுத்தாலும் அவள் டேப்பில் இருப்பதைச் சொல்லமாட்டாள். மூச்சு விட, கை தூக்க, சாப்பிட்ட பிறகு உட்கார என்று இரண்டு அங்குலம் மனதிலேயே சேர்த்துத்தான் வாயில் வரும். சட்டை போடுகிற உடம்பு அசையும், அதற்கு இடம் வேண்டும். இரும்புக்கு எதற்கு? அவளுக்கு அந்த வித்தியாசம் தோன்றவே இல்லை. அவர் குறித்ததும் சரி, அறுத்ததும் சரி. நடுங்கிய கை நூல் பிடித்த மாதிரி அறுத்திருக்கிறது.

அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். நானும் சாட்சிக்குப் போனேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எனக்காகப் பொய் சொல்லாத. முப்பது வருஷமா டேப் பிடிக்கிறவ நீ. உனக்கா தப்பும்?”

பொய் சொன்னால் நம்புகிற உலகம் இது. உண்மையைச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்கிறார். காஜா அலமாரியைத் திறந்து அவருடைய சட்டைகளை எடுத்தாள். எல்லாம் அவள் தைத்தவை. மெஷினைப் பெட்டிக்குள் வைத்து, சட்டை ஒவ்வொன்றையும் கயிறு மாதிரி இறுக்கிச் சுருட்டி, மெஷினுக்கும் பலகைக்கும் நடுவில் திணித்தாள். பேண்ட்டுகளைச் சக்கரத்தின் பக்கம் வைத்தாள். கடைசியில் அவர் கம்பளியை மடித்து மேலே அழுத்தி, கொண்டியைப் போட்டாள். பெட்டியைத் தூக்க நான் ஒரு கை கொடுத்தேன். கொண்டுபோய் அவர் கட்டிலருகே வைத்தோம்.

“ஆட்டிப் பாருங்க” என்றாள்.

அவர் சுவரோடு இன்னும் ஒட்டிப் படுத்தார். ஆனால் தொழில் புத்தி விடாதல்லவா? எழுந்து உட்கார்ந்து பெட்டியைச் சாய்த்தார். சத்தமில்லை. காதை வைத்துக்கொண்டு மறுபடி ஆட்டினார். ஒன்றுமே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தார்.

“என் துணியை எதுக்கு இதுக்குள்ள வெச்சே?”

“எடுத்தா ஆடும்.”

“அப்ப நான் இங்க எதைப் போட்டுக்கிட்டு இருக்கிறது?”

“அதான்” என்றாள் காஜா.

அவர் மூடியை மூடினார். மறுநாள் ஸ்டேஷனில் அந்தப் பெட்டியைப் போர்ட்டரிடம் கொடுக்க மறுத்து, ஒரு பக்கம் தானும் பிடித்துக்கொண்டு நடந்தார். நான்கு அடிக்கு ஒரு தரம் நின்றார். ஆனால் பிடியை விடவில்லை.

அங்கே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. போனில் காஜா எல்லாம் சொல்வாள். நோயாளிகளுக்கு முன்பக்கம் திறக்கிற மாதிரி சட்டை மாற்றிக் கொடுக்கிறாளாம், ஊசி போட வசதியாக. நர்ஸ்களின் உடுப்பும் வருகிறதாம். அவரைப் பற்றிக் கேட்டால் சாப்பிட்டார், தூங்கினார் என்பாள். போகப் போக, தூங்குகிறார் என்று மட்டும் சொன்னாள். மழைக்காலத்தில் என் கணவருக்குப் போன் வந்தது. அவர் கிளம்பிப் போனார். எல்லாக் காரியத்தையும் அங்கேயே முடித்து, தங்கையை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

நான் பின்கட்டைப் பெருக்கினேன், கட்டிலை மடித்து வைத்தேன். அழுகை வரவில்லை. இவ்வளவு கல்நெஞ்சா எனக்கு என்று என்மீதே கோபமாக இருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என் கணவர் பெட்டியை இறக்கித் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு எட்டுக்கும் டொக், டொக் என்றது. போகும்போது சத்தமே இல்லாமல் போன பெட்டி. நான் துடைப்பத்தைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

காஜாதான் வந்து என்னைத் தூக்கினாள். அவள் முகம் காய்ந்து கிடந்தது. சாப்பிட வைத்து, அப்புறம்தான் கேட்டேன். மெஷினுக்கு அடிபடாதா, அண்ணன் சட்டையையெல்லாம் என்னடி செய்தாய் என்று.

“பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் இருந்தாரு அண்ணி. மாத்திக்க ஒரு சட்டைகூட இல்ல. அவருக்குக் குடுத்துட்டேன்” என்றாள். “அவருக்கு லூஸா இருந்துச்சு. எல்லாத்தையும் பிடிச்சுத் தெச்சுக் குடுத்துட்டுத்தான் மெஷினை மூடினேன்.”