படத்தில் கேட்ட வாங்கு

கல்முனைக்குடிப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு சொல்கிற மோதினார் அபூசாலியின் குரலுக்கு ஊரில் நல்ல மதிப்பு. பிடிவாதம் அந்தக் குரலைவிடப் பெரியது. வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் ஓதி ஊதிய தண்ணீர்தான் மருந்து. டொக்டரிடம் ஓடுவது அல்லாவின் மேல் ஈமான் குறைந்தவர்களின் வேலை என்பார்.

அப்படிப்பட்டவரைப் படம் பார்க்க அனுப்பியவர்கள் பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார்மார்தான். சந்தைப் பக்கம் கூடாரம் அடித்துக் காட்டுகிற படத்தில் மார்க்கத்தைக் கேலி செய்கிறார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி கட்டளை. படம் பார்ப்பதே பாவம் என்று ஊருக்குச் சொல்கிற மனிதருக்கு இப்படியும் ஒரு உத்தியோகம்!

புறப்படும்போது மனைவி மைமூனா வாசலை மறித்தாள். மகள் ஸகியா பாயில் சுருண்டு கிடந்தாள்.

"புள்ளைக்கு மேல் நெருப்பாக் காயுது. ஆசுபத்திரிக்குக் கொண்டு போவமே."

"இது அல்லாட சோதனை. பொறுமையா இரி."

ஓதிய தண்ணீரை மகளுக்குப் பருக்கினார். பாதி கடைவாயால் வழிந்தது. சால்வையால் துடைத்துவிட்டுக் கிளம்பினார்.

பகல் காட்சிதான், ஆனாலும் கூடாரத்துக்குள் கும்மிருட்டு. இறைவன் தன்னோடு பேசுவதாக நம்புகிற ஒரு பக்கீரின் கதை. திடீரென்று வாங்கு கேட்டது. வாங்கு கேட்டால் பதில் ஓதும் பழக்கம் விடுமா? அபூசாலி சத்தமாகப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"மோதினார், அது படத்துல சொல்ற வாங்கு!" என்று யாரோ கத்த, கூடாரமே சிரித்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சிரிப்பு அடங்கியபோது, திரையில் அந்தப் பக்கீர் காய்ச்சலில் கிடந்த மகனுக்கு ஓதிய தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தான். வைத்தியரைக் கூப்பிடச் சொல்லித் தாய் கதறினாள். "சோதனை" என்றான். தண்ணீர் கடைவாயால் வழிந்தது. மறுபடியும் பருக்கினான், மறுபடியும் வழிந்தது. தாய் பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு அணைத்து, சுவரோடு சுவராக ஒதுங்கி, அவனையே பார்த்தாள். பிள்ளையின் தலை தொங்கியது. அது எப்போதோ இறந்துவிட்டிருந்தது. அவனோ சிரித்த முகத்தோடு அடுத்த கோப்பைக்கு ஓதிக்கொண்டிருந்தான்.

வீட்டில் அபூசாலி சொல்லிவிட்டு வந்த அதே சொல், செய்துவிட்டு வந்த அதே வேலை. செருப்பைக்கூடத் தேடாமல் வெயிலில் விழுந்தடித்து ஓடினார்.

வீட்டில் பாய் வெறுமையாகக் கிடந்தது. "என்ட ரப்பே!" என்று அலறிவிட்டார். பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"மைமூனா புள்ளைய மாட்டுக் கரத்தையில ஏத்திட்டு ஆசுபத்திரிக்குப் பெய்த்தா. நீங்க போன கையோட."

மறுபடியும் ஓட்டம். ஆசுபத்திரிக் கட்டிலில் ஸகியா கண் விழித்துக் கிடந்தாள். ஊசி போட்டிருந்தார்கள். அபூசாலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மகள்" என்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நெருங்கினார்.

மைமூனா பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சுவரோடு சுவராக ஒதுங்கினாள்.

"அல்லாக்காக வேண்டி இவள வீட்ட கொண்டு போகாதீங்க."

மைமூனா தன் வாழ்நாளில் ஒரு படமும் பார்த்தவளில்லை. ஆனால் அவள் பார்த்த பார்வை அதே பார்வை. நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அபூசாலி நின்றார்.